கடலோரத்து ஓட்டை எந்தக் கட்சிக் கணக்கில் எழுதுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை இதழில் கடலோரச் சிற்றூர்கள் எப்படி ஓட்டு போடுகின்றன என்று முழுப்பக்கக் கட்டுரை ஒன்று வெளியிட்டிருந்தீர்கள். வாக்குச்சாவடி வாரியாக எண்களைத் திரட்டி, வரைபடம் போட்டு, கட்சிக்கு ஒரு நிறம் தீட்டியிருந்தார்கள். உழைப்பு தெரிந்தது, அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அத்தனை எண்களையும் போட்டுவிட்டு, கட்டுரையாளர் கடைசியில் வந்து நின்ற இடம் பழைய இடம்தான்: சின்ன ஊர், எல்லோருக்கும் ஒரே தொழில், ஒரே சாமி, பெரியவர்கள் கைகாட்டும் பக்கம் ஊரே போகும், ஆகவே இது இன்ன கட்சியின் கோட்டை. இதைச் சொல்ல வரைபடம் எதற்கு? தேர்தல் பிரச்சாரத்துக்கு வருகிற மூன்றாம் நிலைத் தலைவர்கூட ஜீப்பிலிருந்து இறங்காமலேயே இதைச் சொல்லிவிடுவார்.

எனக்குத் தோன்றுவது வேறு. கடலை நம்பிப் பிழைக்கும் ஊருக்கும் கட்சிக்கும் உள்ள உறவு வெளியே தெரிவதைவிடத் தளர்வானது. தண்ணீரில் யாருக்கு உரிமை, யார் எவ்வளவு பிடிக்கலாம், அந்த விதியை எழுதும் பேனா யார் கையில் என்ற கேள்வி வாக்குச்சீட்டில் நேராக வரும் அன்றைக்குத்தான் அந்த ஊரின் உண்மையான சாய்வு தெரியும். மற்ற தேர்தல்களில் அது பழக்கத்துக்கு ஓட்டு போடும், அல்லது கிடைக்கிற கொடியைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கொடியைப் பார்த்து ஊரின் மனசை அளந்தால் தவறாகத்தான் போகும்.

இதற்கு நார்வேயைவிட நல்ல உதாரணம் கிடையாது. அந்த நாட்டின் வடக்கு, அதாவது நூர்லாந்து, ட்ரும்ஸ், ஃபின்மார்க் என்ற மூன்று மாவட்டங்களும் நீளமான கடற்கரை, சின்னச் சின்ன மீன்பிடி ஊர்கள். பல காலமாகத் தொழிலாளர் கட்சிக்கு அங்கே பலமான பிடி இருந்தது. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தில் சேரலாமா வேண்டாமா என்று 1972 செப்டம்பரில் வாக்கெடுப்பு வந்தது. பிரதமர் டிரிக்வே பிராட்டெலி தொழிலாளர் கட்சிக்காரர். சேர வேண்டும் என்றார், சேரவில்லையென்றால் ராஜினாமா செய்வேன் என்றும் சொன்னார். கட்சித் தலைமை, பெரிய பத்திரிகைகள், முதலாளிகள் சங்கம் எல்லாம் அந்தப் பக்கம்தான். ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்பே அவருடைய மீன்வள அமைச்சர் க்னுட் ஹோம், மீன்பிடி குறித்துக் கிடைத்த ஒப்பந்தம் போதாது என்று பதவியை விட்டுப் போய்விட்டார். வெளிநாட்டுப் படகுகள் கரைக்கு எவ்வளவு அருகில் வரலாம் என்பதுதான் பிரச்சினை. முடிவு என்ன? நாடு முழுக்க 53.5% பேர் வேண்டாம் என்றார்கள், அந்த 'வேண்டாம்' மிகக் கனமாக விழுந்தது வடக்குக் கடற்கரையில். பிராட்டெலி சொன்னபடி ராஜினாமா செய்தார்.

இதோடு முடிந்திருந்தால் 'கோட்டை சரிந்தது' என்று தலைப்பு போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அடுத்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் தொழிலாளர் கட்சிக்குப் பெரிய அடி விழுந்தது உண்மை, 1969இல் 46.5% வாங்கிய கட்சி 35.3%க்கு இறங்கியது. ஆனால் அப்போதும் அதுதான் முதல் கட்சி, அதே பிராட்டெலி 1973இலேயே திரும்பவும் பிரதமர். 1977இல் அந்தக் கட்சி மறுபடி 42%ஐத் தாண்டிவிட்டது. கோபம் போன வேகத்திலேயே ஓட்டில் பெரும்பகுதி வீடு திரும்பிவிட்டது.

அப்புறம் 1994 நவம்பரில் இரண்டாவது தடவை அதே கேள்வி. இம்முறை தொழிலாளர் கட்சி அரசு உஷாராகத்தான் இருந்தது. மீன்வள அமைச்சராக வடக்கிலிருந்தே ஒருவரை வைத்திருந்தார்கள், ஜான் ஹென்றி ஓல்சன். பேச்சுவார்த்தையில் மற்ற நாடுகள் மீன் பங்கு கேட்டபோது, கொடுப்பதற்கு என்னிடம் மீன் இல்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதால் 'மீன் இல்லை ஓல்சன்' என்றே பெயர் வந்துவிட்டது. இவ்வளவு கறாராகப் பேசிய ஆளைக் காட்டியும் வடக்கு அசையவில்லை. நாட்டில் 52.2% பேர் வேண்டாம் என்றார்கள். வடக்கின் மூன்று மாவட்டங்களிலும் அது 70%க்கு மேல். தலைநகர் ஆஸ்லோவோ அதற்கு நேர்மாறாகச் சேரலாம் என்றது. அதற்கு முந்தைய 1993 தேர்தலில், எதிர்ப்பை முன்னின்று நடத்திய மையக் கட்சி 11 இடங்களிலிருந்து 32க்குத் தாவியிருந்தது. கேள்வி தீர்ந்ததும், 1997இல், மறுபடி அதே 11. அந்தக் கட்சிக்கு அந்த ஓட்டைக் கடலோரம் இரவல்தான் கொடுத்திருந்தது, எழுதிக் கொடுத்துவிடவில்லை.

அதே 1997 தேர்தலில் நூர்லாந்திலிருந்து திமிங்கல வேட்டைக்காரர் ஒருவர், ஸ்டைனார் பாஸ்டெசன், பெரிய கட்சி எதுவும் பின்னால் இல்லாமலேயே நாடாளுமன்றம் போனார். அவரை வலதுசாரி என்பதா இடதுசாரி என்பதா? உங்கள் கட்டுரையாளரின் வண்ணப் பெட்டியில் அவருக்கு நிறமே இருக்காது.

கிரீன்லாந்தும் இதே கதைதான், இன்னும் சுருக்கமாக. டென்மார்க்கின் பகுதியாக இருந்ததால் 1973இல் அதுவும் ஐரோப்பியச் சமூகத்துக்குள் இழுக்கப்பட்டது, மக்களில் பெரும்பான்மையோர் எதிர்த்து வாக்களித்திருந்தும். தன்னாட்சி கிடைத்ததும் 1982இல் தனியாக வாக்கெடுப்பு வைத்து, சிறிய வித்தியாசத்தில் வெளியேறுவதென்று முடிவெடுத்து, 1985இல் வெளியே வந்துவிட்டார்கள். அந்த வாதத்தின் நடுவில் இருந்தது மீன்.

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே விஷயம் இவ்வளவு சுத்தமாக இல்லை. ஒரு காலத்தில் தூரக்கடல் மீன்பிடிக்குப் பேர்போன துறைமுகம். 1945 முதல் தொடர்ந்து தொழிற்கட்சியைத் தேர்ந்தெடுத்த தொகுதி. அந்தத் துறைமுகத்தை ஒடித்ததில் பெரும்பங்கு ஐஸ்லாந்துக்கு உண்டு. 1958இலிருந்து 1976 வரை காட் என்ற மீனுக்காக மூன்று தவணையாக நடந்த 'காட் யுத்தங்களில்' ஐஸ்லாந்து தன் கடல் எல்லையைத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் 200 கடல் மைலில் நிறுத்தியது. கிரிம்ஸ்பிக்கும் ஹல்லுக்கும் சோறு போட்ட தண்ணீர் மொத்தமாகக் கைவிட்டுப் போயிற்று. ஐஸ்லாந்து அன்றைக்கும் ஐரோப்பியச் சமூகத்தில் இல்லை, இன்றைக்கும் ஒன்றியத்தில் இல்லை. ஆனால் மிச்சமிருந்த மீனுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தது பிரஸ்ஸல்ஸ், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகம், எனவே பல பத்தாண்டுக் கோபமும் அங்கேதான் போய் இறங்கியது. ஒன்றியத்தில் பிரிட்டன் நீடிப்பதா வெளியேறுவதா என்ற 2016 வாக்கெடுப்பில் கிரிம்ஸ்பி அடங்கிய வடகிழக்கு லிங்கன்ஷயரில் கிட்டத்தட்ட 70% பேர் வெளியேறு என்றார்கள். 2019இல், எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, தொகுதி கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் போனது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் ஊரின் அரசியல் அடியோடு மாறிவிட்டது என்று எழுதின. 2024இல் எல்லை திருத்தப்பட்ட அதே பகுதி மறுபடி தொழிற்கட்சிக்கு வந்துவிட்டது.

அந்த ஊர் எம்.பி.யாக 1977 முதல் 2015 வரை இருந்த ஆஸ்டின் மிட்செல் தொழிற்கட்சிக்காரர், ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தைக் கடைசிவரை எதிர்த்தவர். மீன் தொழிலுக்கு விளம்பரம் கிடைக்கட்டும் என்று 2002இல் தன் பெயரையே ஒரு மீனின் பெயராக, ஆஸ்டின் ஹேடக் என்று கொஞ்ச காலம் மாற்றிக்கொண்ட மனிதர். ஆக, ஊர் 2016இல் திடீரென்று மாறியதா, அல்லது முதலிலிருந்தே அப்படித்தான் இருந்து, அதற்கேற்ற ஆளைத் தொழிற்கட்சிக் கொடியின் கீழேயே தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்ததா? கட்சிப் பெயரை மட்டும் அட்டவணையில் போட்டால் இந்தக் கேள்வியே எழாது.

வெளியேறியதால் மீனவர்களுக்கு என்ன கிடைத்தது என்றால், அதுவும் கசப்புதான். பிரிட்டன் கடலில் ஐரோப்பியப் படகுகள் மீன்பிடிக்கும் ஏற்பாடு 2026 வரை என்று ஒப்பந்தமானது, 2025 மே மாதத்தில் அதை 2038 வரை நீட்டித்துவிட்டார்கள். பார்த்தீர்களா, தங்கள் நலனுக்கு எதிராகத் தாங்களே ஓட்டு போட்டுக்கொண்டார்கள் என்று நகரத்தில் இருப்பவர்கள் சிரிப்பது எனக்குப் பிடிப்பதில்லை. அமெரிக்காவில் செசபீக் வளைகுடாவில் டேஞ்சியர் என்று ஒரு சின்னத் தீவு, நண்டு பிடிக்கிறவர்கள் வாழ்வது, கடல் தின்று வருடா வருடம் சுருங்கிக்கொண்டே போகிறது. 2016இல் அங்கே பத்தில் எட்டுப் பேருக்கு மேல் டிரம்புக்குப் போட்டார்கள். பருவநிலை மாற்றத்தை நம்பாத ஆளுக்கு மூழ்கும் தீவு ஓட்டு போடுகிறதே என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள். தீவுக்காரர்கள் கேட்டதோ ஒரு தடுப்புச் சுவர். கடல் ஏன் ஏறுகிறது என்ற விவாதத்தில் யார் ஜெயித்தாலும் அவர்களுக்குச் சுவர் வேண்டும். யார் கட்டித் தருவார்கள் என்று நம்புகிறார்களோ அவர்களுக்குப் போடுகிறார்கள். அந்த நம்பிக்கை தவறாக இருக்கலாம், அது வேறு விஷயம். கணக்கே போடாமல் போட்ட ஓட்டு என்று சொல்ல முடியாது.

சரி, 'ஊரே ஒன்றாகப் போடும்' என்ற வரிக்கு வருகிறேன். மீன்பிடி ஊருக்குள் ஒரே தொழில் என்பது வெளியே நின்று பார்க்கிறவரின் பார்வை. விசைப்படகு வைத்திருப்பவர், அந்தப் படகில் பங்குக்குப் போகிறவர், நாட்டுப்படகில் கரையை ஒட்டி வலை போடுகிறவர், கருவாடு போடும் பெண்கள், ஏலம் எடுக்கும் வியாபாரி, முன்பணம் கொடுத்துப் பிடிபாட்டைத் தன் பக்கம் கட்டிவைத்திருப்பவர், இத்தனை பேரின் நலனும் ஒரே திசையில் போகாது. டீசல் மானியம் என்றால் ஒருவருக்குச் சந்தோஷம், இன்னொருவருக்கு அது தன் வலையை அறுத்துப் போகும் படகுக்குக் கொடுக்கிற காசு. மீன் கூட்டத்தையே சுற்றி வளைத்து அள்ளும் சுருக்குமடி வலையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழக அரசு 2000இலேயே தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும் என்று நிபந்தனையோடு இடைக்கால அனுமதி கொடுத்தது. இதில் வேண்டும் என்று ஓர் ஊரும் வேண்டாம் என்று பக்கத்து ஊரும் எதிரெதிரே நின்று பேசியிருக்கின்றன. தேர்தல் அன்று அந்த இரண்டு ஊரும் ஒரே சின்னத்துக்கு அதிகம் போட்டிருந்தால் உங்கள் வரைபடம் இரண்டுக்கும் ஒரே நிறம்தான் தீட்டும். எது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினையோ அது அந்த நிறத்தில் தெரியாது, ஏனென்றால் எந்தப் பெரிய கட்சியும் அந்தக் கேள்வியில் ஒரு பக்கம் நின்று தேர்தல் அறிக்கை எழுதாது. எழுதினால் மறுபக்க ஊரின் ஓட்டு போய்விடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. கூடங்குளம் அணுமின் நிலைய எதிர்ப்பில் இடிந்தகரையில் அத்தனை மாதங்கள் அத்தனை ஜனங்கள் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டத்தின் முகமாக இருந்த சுப. உதயகுமார் 2014 மக்களவைத் தேர்தலில் கன்னியாகுமரித் தொகுதியில் ஆம் ஆத்மி சின்னத்தில் நின்று வெகுதூரம் பின்தங்கித் தோற்றார். போராட்டப் பந்தலுக்கு வந்த கூட்டம் பொய்யில்லை. ஆனால் தொகுதி என்பது கடற்கரையோடு நிற்காமல் உள்ளே தோட்டம், வயல், நகரம் என்று விரிகிறது. கடலோரம் அதில் மெல்லிய ஒரு கரை மட்டும். அதோடு, போராடும்போது கூட நிற்கும் ஆளும், டெல்லிக்குப் போய் வேலை முடித்துத் தருவார் என்று நம்பும் ஆளும் ஒருவரே என்று மக்கள் நினைக்க வேண்டிய கட்டாயமில்லை.

கடலோரம் என்றால் மீனவர் என்று எடுத்துக்கொள்வதும் ஒரு சறுக்கல். இங்கிலாந்தின் கிளாக்டன், ஐரோப்பிய ஒன்றியத்தை எதிர்த்த யூகிப் கட்சிக்கு 2014 இடைத்தேர்தலில் இடம் கொடுத்து, அதே எதிர்ப்பின் முகமான நைஜல் ஃபராஜை 2024இல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஊர். அது மீன்பிடி ஊர் அல்ல, பணி ஓய்வு பெற்றவர்கள் வந்து குடியேறிய பழைய கடற்கரை உல்லாச ஊர். கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸ் என்ற ஊர், புதிதாகக் கட்டும் வீடுகளை வெளியூர்க்காரர்கள் விடுமுறை வீடாக வாங்கக் கூடாது என்று 2016இல் வாக்கெடுப்பு வைத்து 80%க்கு மேல் ஆதரவோடு நிறைவேற்றியது. அங்கே சண்டை மீனுக்கு அல்ல, வீட்டுக்கு. ஒரு பகுதியின் மொத்த எண்ணை வைத்து அதற்குள் இருக்கும் தனி ஆளைப் பற்றிச் சொல்லிவிட முடியாது என்று சமூகவியலாளர் ராபின்சன் 1950இலேயே காட்டியிருக்கிறார். அமெரிக்காவில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் உள்ள மாநிலங்களில் எழுத்தறிவு அதிகமாக இருந்தது. ஆனால் ஆள் ஆளாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குத்தான் எழுத்தறிவு குறைவு. மாநிலத்துக்குச் சொன்னது மனிதனுக்குப் பொருந்தவில்லை. உங்கள் கட்டுரை நெடுக நடந்திருப்பது இந்தத் தவறுதான்.

இன்னொன்று, அன்றைக்கு ஊரில் யார் இருந்தார்கள் என்பதைக் கட்டுரை கேட்கவே இல்லை. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு வாக்களித்தது ஏப்ரல் 19, 2019இல் ஏப்ரல் 18, இரண்டும் தடைக்காலத்துக்குள். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். 2021 சட்டமன்றத் தேர்தலோ ஏப்ரல் 6, தடை தொடங்கும் முன். மேற்குக் கரையில் தடையே ஜூனில்தான், அங்கே தங்கி ஆழ்கடலுக்கு வாரக்கணக்கில் போகிறவர்களுக்குத் தேர்தல் தேதி ஒரு பொருட்டில்லை. ஒரே ஊரின் இரண்டு தேர்தல்களை ஒப்பிட்டு, இளைஞர்கள் அக்கறை இழந்துவிட்டார்கள் என்று எழுதும் முன் காலண்டரை ஒரு தடவை புரட்டியிருக்கலாம். கடலில் இருக்கும் மீனவருக்கு இங்கே தபால் ஓட்டு கிடையாது. ராணுவத்தினருக்கு உண்டு, தேர்தல் பணியில் இருப்பவர்களுக்கு உண்டு, மிக முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து வாங்கிப் போகிறார்கள், நல்ல விஷயம். நார்வேயில் வாக்குப்பதிவு நாளுக்கு வாரக்கணக்கில் முன்பே யார் வேண்டுமானாலும் போட்டுவிட்டுப் போகலாம். ஓட்டு போடவில்லை என்று குற்றம் சொல்வதற்கு முன் இதைப் பற்றி உங்கள் பத்திரிகை ஒரு தலையங்கம் எழுதலாம்.

நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணத்தை இப்போது சொல்கிறேன். ஊர் பெயரையும் அந்த ஊர் வாக்குச்சாவடியில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். சில நூறு ஓட்டு உள்ள ஓர் ஊருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்தீர்களா? பெரிய நகரத்தில் ஒரு வாக்குச்சாவடியின் எண் யாரையும் காட்டிக்கொடுக்காது. ஒரே ஒரு வாக்குச்சாவடி உள்ள மீன்பிடி ஊரில், 'ஊர் முடிவை' மீறி விழுந்த நாற்பது ஓட்டு யாருடையது என்று அன்று மாலையே எண்ணத் தொடங்கிவிடுவார்கள். துறைமுகம், கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவு, நிவாரணம், வீட்டுமனை என்று எல்லாவற்றுக்கும் அரசை எதிர்பார்க்கும் இடம் அது. 2019 தேர்தலில் ஒன்றிய அமைச்சர் ஒருவர், தங்களுக்கு விழும் ஓட்டு விகிதப்படி கிராமங்களை ஏ, பி, சி, டி என்று பிரித்து அந்த வரிசையில்தான் வேலை நடக்கும் என்று மேடையிலேயே பேசினாரே, அவர் கையில் இருந்ததும் இதே மாதிரிப் பட்டியல்தான்.

காகித வாக்குச்சீட்டுக் காலத்தில், தேவைப்படும் இடங்களில் பல வாக்குச்சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ணுவதற்கு விதி இருந்தது, 59ஏ. பிரிட்டனில் இன்றும் நாடாளுமன்றத் தேர்தலில் பெட்டிகளைக் கலந்துதான் எண்ணுகிறார்கள். கிரிம்ஸ்பியில் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று அதிகாரப்பூர்வ எண்ணே கிடையாது. நம்மிடம் மின்னணு இயந்திரம் வந்த பிறகு அந்தத் திரை விலகிவிட்டது. பல இயந்திரங்களை இணைத்து மொத்தமாக மட்டும் கூட்டிச் சொல்லும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது, சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில், 2015இல், ஆதரித்தது, ஒன்றிய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. இவ்விஷயத்தில் கட்சிகளுக்கு அவசரம் இல்லாததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

எண்கள் பொதுவில் கிடைக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று நீங்கள் பதில் சொல்லலாம். சட்டப்படி சரிதான். ஆனால் எங்கோ கிடக்கும் ஒரு படிவத்தைத் தேடி எடுப்பது வேறு, லட்சம் பேர் கையில் போய்ச் சேரும் ஞாயிறு இதழில் கலர் போட்டுக் கொடுப்பது வேறு. அடுத்த தேர்தலுக்கு இந்தத் தொடரை மறுபடி வெளியிடுவதாக இருந்தால், ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டு உள்ள ஊர்களைப் பக்கத்து ஊர்களோடு சேர்த்து ஒரே எண்ணாகப் போடுங்கள். ஊர் பெயர் வேண்டாம். இணையப் பதிப்பில் இப்போது இருக்கும் பட்டியலில் அப்படிப்பட்ட ஊர்கள் இன்னும் பெயரோடுதான் இருக்கின்றன. அவற்றை இந்த வாரமே எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர் ஒருவர்